சிங்கக் கிணறும் கரை உடைந்த ஏரியும்

கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலின் வடகிழக்கே, புல்வெளியின் ஓரமாய், ஒரு சிங்கம் அமர்ந்திருக்கின்றது. அது கருங்கல்லில் செதுக்கப்பட்டதன்று. செங்கல்லை அடுக்கி, சுண்ணாம்புக் காரை பூசி, கையால் வனையப்பெற்ற சுதைச் சிங்கம். அதன் உடலோடு இணைந்த சிறு வாயிலினுள் குனிந்து நுழைந்தால் படிகள் நிலத்தடிக்கு இறங்குகின்றன. அவை ஒரு வட்டக் கிணற்றின் நீர்மட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. ஊரார் அதனைச் சிங்கக் கிணறு என்பர். கங்கையிலிருந்து கொணர்ந்த நீரை இராசேந்திர சோழன் இக்கிணற்றில் வார்த்தான் என்பது வழிவழி வந்த செவிவழிச் செய்தி.

ஆனால் அங்குள்ள கல்லெழுத்து வேறொன்றைச் சொல்கின்றது. கிணற்றின் மேல் பதிக்கப்பெற்ற அந்தக் கல், 19-ஆம் நூற்றாண்டு எழுத்தமைதி உடையது. சிங்கமுகப் படிவழியைக் கட்டுவித்தவர் உடையார்பாளையம் ஜமீன்தார் என்பதை அது அறிவிக்கின்றது. எனவே நாம் காண்பது சோழர் கைவண்ணம் அன்று. சோழர் காலம் மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்தபின், சிதைந்துகிடந்த ஓரிடத்தில் நீருக்கு மீண்டும் வழி செய்த எளிய கைகளின் பணி. இவ்வூரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கட்டியவர்களையே புகழ்ந்துள்ளனர். செப்பனிட்டவர்களைப் பற்றியும் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

நீராலான வெற்றித்தூண்

முதலாம் இராசேந்திரன் கி.பி. 1012 முதல் 1044 வரை ஆண்டவன். அவனுடைய படை வடதிசை சென்று கங்கைநீர் கொணர்ந்த வெற்றியின் நினைவாகவே இப்புதிய தலைநகர் எழுந்தது. பிற வேந்தர் தம் வெற்றிக்குக் கல்லில் தூண் நாட்டினர். இவனோ நீரில் தூண் நாட்டினான் என்று 1905-இல் கண்டெடுக்கப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள் வியந்து பேசுகின்றன. சோழகங்கம் எனப் பெயர் பெற்ற பேரேரியே அந்த நீர்த்தூண். இன்று மக்கள் அதனைப் பொன்னேரி என்று வழங்குகின்றனர்.

அதன் அளவை எண்ணினால் மலைப்பே மிஞ்சும். 1855-இல் அச்சான ஆங்கில நூற்குறிப்பு ஒன்று, ஏரியின் கரை வடக்குத் தெற்காக 16 மைல், அதாவது ஏறத்தாழ 25 கிலோமீட்டர், நீண்டிருந்தது என்கின்றது. தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேற்பட்ட கால்வாய் ஒன்றும், வடக்கே வெள்ளாற்றிலிருந்து சிறு கால்வாய் ஒன்றும் அதற்கு நீர் கொணர்ந்தன. ஏலாக்குறிச்சித் திருத்தலத்துக்குச் செல்லும் நம்மவர் நன்கறிந்த அதே கொள்ளிடந்தான். இரு ஆறுகளின் வெள்ளத்தையும் ஏந்தி, வறண்ட மேட்டுநிலத்துக்கு உயிரூட்டிய ஏரி அது.

அக்குறிப்பு எழுதப்பட்ட நாளில் ஏரியில் நீரில்லை. நெடுங்காலமாகப் பயனற்றுக் கிடந்த அதன் உட்பரப்பில் அடர்ந்த காடு மண்டியிருந்தது. படையெடுத்து வந்தோர் வேண்டுமென்றே கரையை உடைத்தனர் என்பது அன்றைய மக்களின் நம்பிக்கை. ஆயினும், உடைத்தது பகைவர் கையே ஆயினும், உடைப்பை அடைக்க ஆளில்லாமல் போனதே ஏரியைக் கொன்றது எனலாம். மண்கரை என்பது ஒருமுறை கட்டி முடித்துவிடும் பொருளன்று. எலிவளையும் நண்டுவளையும் கரையைத் துளைக்கும், வேர்கள் பிளக்கும், மழை அரிக்கும், மதகின் அடியில் நீர் கசியும். ஆண்டுதோறும் மண் வெட்டிக் கொட்டி மிதித்து இறுக்கினால்தான் அது கரையாக நிற்கும். அரசு வலுவிழந்து தலைநகரும் சிற்றூராகச் சுருங்கியபின், 16 மைல் கரைக்கு மண் சுமக்க யார் இருந்தனர்?

கல் போன கதை

ஏரி வறண்ட பின்னர்க் கோயிலுக்கும் இடர் வந்தது. 1836-இல் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளரின் திட்டப்படி கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தது. அந்த வேலைக்குக் கல் தேவைப்பட்டபோது, கோயிலின் திருச்சுற்று மதிலும் சிற்பக் கற்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன என்று அதே 1855-ஆம் ஆண்டுக் குறிப்பு வருந்துகின்றது. ஊர் மக்கள் தம்மால் இயன்றவரை தடுத்துப் பார்த்தனர். அதற்குக் கிடைத்தது தண்டனையே. கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்களிக்கப்பட்டது. அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை என்றும் அக்குறிப்பு பதிவு செய்கின்றது.

இதில் எளிதில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாத ஒரு சிக்கலும் உண்டு. கீழணையில் தேங்கும் நீர்தான் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குச் செல்கின்றது. வீராணமும் சோழர் ஏரியே. முதலாம் பராந்தகன் காலத்தில், அவன் மகன் இராசாதித்தனால் வெட்டப்பட்டது. அதன் நீர் வயல்களை நனைப்பதோடு, 2004 முதல் சென்னை மாநகரின் தாகத்தையும் தணித்து வருகின்றது. ஒரு சோழ ஏரி பாழ்பட்டுக் கிடக்க, அதன் அருகிருந்த கோயிலின் கல் மற்றொரு சோழ ஏரிக்கு நீர் திருப்பும் பணிக்குச் சென்றது. கல் வீணாகவில்லை, ஆனால் எடுத்தவர்கள் தாம் சொன்ன ஈட்டைக் கொடுக்கவில்லை. பலருக்குப் பயன் தரும் பணி என்பதால், சிலருக்குக் கொடுத்த வாக்கு இல்லாமற் போய்விடுமா?

அதே நூற்றாண்டில், அதே வளாகத்தில், ஜமீன்தார் ஒருவர் செங்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு ஒரு கிணற்றுக்குப் படியும் சிங்கமும் அமைத்தார். வாக்களித்த அரசு கொடாத செங்கல் வேலையை, வாக்களிக்காத ஒருவர் தம்மால் இயன்ற அளவில் செய்தார் என்று கருத இடமுண்டு. பேரேரியை மீட்கும் வலிமை அவருக்கு இல்லை. ஒரு கிணற்றை மீட்க முடிந்தது.

சுண்ணாம்பின் பிறப்பிடம்

சுண்ணாம்பு இம்மண்ணுக்கு அயல் பொருளன்று. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ப் பகுதி கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளும் சங்குகளும் பிற உயிர்களும் படிந்து இறுகியதே இங்குள்ள சுண்ணாம்புக்கல். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாய்க் கிடக்கும் 18 மீட்டர் நீள மரம், அக்கடலுக்கு அடித்துவரப்பட்டு ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளாக அங்கே உறங்குவது, புவியியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதனை உலகறியச் செய்தார். இக்கல்லை நம்பியே அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள் எழுந்தன. அரசின் ஆலை 1979-இல் தொடங்கியது.

பழைய கொத்தர்களின் வழி வேறு. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டு, நீர் ஊற்றி நீற்றி, மணல் கூட்டி, மாடு சுற்றும் செக்கில் காரையாக அரைப்பர். நீர் நிற்கும் இடமாயின் செங்கல் தூளும் சேர்ப்பர். கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லக் கரைசலும் காரைக்குப் பிடிப்பைத் தரும். சுதைச் சிற்பி முதலில் செங்கல்லால் உருவின் எலும்பை அமைத்து, பருங்காரையால் தசை வைத்து, நுண்காரையால் தோலிழைத்து, கரண்டியாலும் விரலாலும் பிடரியும் கண்ணும் இமையும் வனைவார். ஒரு பூச்சு உலருமுன் மறு பூச்சுக்கு அவர் அவசரப்படுவதில்லை.

பூசிய காரை காற்றிலுள்ள கரிவளியை மெல்ல மெல்ல உள்வாங்கி, மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகின்றது. கடலில் கல்லானது, நெருப்பில் தூளாகி, சிற்பியின் கையில் சிங்கமாகி, மறுபடியும் கல்லாகின்றது. மயிரிழை வெடிப்பு விழுந்தால், மழைநீர் காரையிலுள்ள சுண்ணாம்பைச் சிறிது கரைத்து அவ்வெடிப்பிலேயே படியவைத்து மூடுவதும் உண்டு. இத்தகைய பழங்கட்டடத்தின் மீது சிமெண்டை அப்பினால் நேர்வது வேறு. சிமெண்ட் பழைய செங்கல்லைவிடக் கடினமானது, ஈரத்தை வெளிவிடாது. உள்ளே அடைபட்ட ஈரமும் உப்பும் செங்கல்லைத் தின்கின்றன. ஒருநாள் பூச்சும் செங்கல்லும் சேர்ந்தே உதிர்கின்றன. சுண்ணாம்பால் ஆனதைச் சுண்ணாம்பாலேயே செப்பனிட வேண்டும் என்று பழங்கட்டடம் காப்போர் வற்புறுத்துவது இதனால்தான். சிமெண்டை ஊரெங்கும் அனுப்பும் மாவட்டத்தில், காரை அரைக்கத் தெரிந்த கைகளைத் தேடவேண்டிய காலத்தில் நாம் வாழ்கின்றோம்.

விலங்குகள் காத்த பிற நீர்நிலைகள்

நீரின் அருகே விலங்குருவை நிறுத்தும் வழக்கம் பல நாடுகளுக்கும் பொது. எருசலேம் கோவிலுக்குச் சாலமோன் செய்வித்த வெண்கலக் கடலை நம் வாசகர் அறிவர். பத்து முழ விட்டமுள்ள அந்தப் பெருந்தொட்டி, 12 வெண்கலக் காளைகளின் மேல் அமர்ந்திருந்தது. பின்வந்த ஆகாசு அரசன் அதனைக் காளைகளின் மேலிருந்து இறக்கிக் கல்தளத்தில் வைத்தான். இறுதியில் பாபிலோனியர் அதனை உடைத்து வெண்கலத்தை அள்ளிச் சென்றனர். அரசர்கள் நூல் சொல்லும் இச்செய்தியைப் படிக்கும்போது, சோழபுரத்தின் மதில் நினைவுக்கு வராமல் இராது. அழகிய பொருளை வெறும் மூலப்பொருளாகக் காணும் கண் எந்நாட்டிலும் உண்டு.

மாறான எடுத்துக்காட்டும் உண்டு. ஸ்பெயின் நாட்டுக் கிரனாடா நகரில், அல்ஹாம்ப்ரா அரண்மனை முற்றத்து நீரூற்றை 12 பளிங்குச் சிங்கங்கள் தாங்கி நிற்கின்றன. அது 14-ஆம் நூற்றாண்டுப் படைப்பு. நூற்றாண்டுகளாய் ஓடிய நீர் சிங்கங்களின் மேல் சுண்ணாம்புப் படிவாய்த் தடித்திருந்தது. 2002-இல் தொடங்கிய செப்பனிடும் பணியில் அப்படிவை நுணுக்கமாக அகற்றினர். நீர்க்குழாய் அமைப்பையும் புதுப்பித்தனர். 2012-இல் சிங்கங்களின் வாயில் மீண்டும் நீர் பாய்ந்தது. சிலையை மட்டும் துலக்கிவிட்டு நீரை மறந்திருந்தால், அது நீரூற்றாக அன்றி அருங்காட்சியகப் பொருளாகவே நின்றிருக்கும்.

செப்பனிடுதல் என்னும் கடன்

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் இடம்பெற்றது. இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் கோயிலும் சிங்கமும் பேணப்படுகின்றன. அவற்றைக் காண வருவோர் பலர். ஏரியைக் காணச் செல்வோர் சிலரே. 2025-இல் தமிழக அரசு சோழகங்கத்தைச் சீரமைக்கும் திட்டத்தை அறிவித்தது. மகிழ்ச்சிக்குரிய செய்தியே. எனினும், கரையோரம் நடைபாதையும் விளக்கும் அமைந்தால் மட்டும் ஏரி உயிர்பெறாது. நீர்வரத்துக் கால்வாய் தூர்வாரப்பட்டதா, மதகு கசியாமல் நிற்கின்றதா, அடுத்த ஆண்டும் அதற்கு அடுத்த ஆண்டும் கரைக்கு மண் போட ஆளிருக்கின்றதா என்பனவே கேட்கத்தக்க கேள்விகள்.

நம் முன்னோர் இக்கேள்விகளுக்கு ஒரு விடை வைத்திருந்தனர். ஏரி வாரியங்கள் இருந்தன. பின்னாளில் குடிமராமத்து இருந்தது. பாசனம் பெறுவோர் அனைவரும் தம் உழைப்பைத் தந்து கரையைப் பேணுவது வழக்கம். 1858-இல் ஆங்கில அரசு அதனைச் சட்டத்தால் கட்டாயமாக்க முயன்றது. மனமுவந்து செய்த கடமை அதன் பிறகு தழைக்கவில்லை. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது என்பதே, அந்தப் பழைய உறவை மக்கள் இன்னும் மறக்கவில்லை என்பதற்குச் சான்று.

இராசேந்திரனின் பெயர் செப்பேட்டில் உள்ளது. ஜமீன்தாரின் கொடை கல்லில் உள்ளது. சிங்கத்தின் பிடரியை விரலால் வனைந்த கொத்தரின் பெயர் எங்கும் இல்லை. ஏரிக்கரையில் ஆண்டுதோறும் மண் சுமந்த பெண்களின் பெயரும் இல்லை. ஆனால் அக்கொத்தரின் காரைப்பணி இன்றும் வெயிலையும் மழையையும் தாங்கிக் கிணற்றின் படிவழியைக் காத்து நிற்கின்றது. நம் பங்குகளிலும் சிற்றூர்களிலும் தூர்ந்த கேணியும் கசியும் குளமும் இல்லாத இடம் அரிது. புதிதாய் ஒன்றைக் கட்டிப் பெயர் பொறிக்கும் முன், அவற்றுள் ஒன்றின் வெடிப்பை அடைக்க முன்வருவோமாயின், அந்தப் பெயரறியாக் கொத்தருக்கு அதுவே தக்க நன்றியாகும்.