தாய்மார்கள் மீது விழுந்த பழி

1942-ல், போர் நடந்துகொண்டிருந்த பிரிட்டனில், கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மீன் எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் அரசாங்கமே வழங்கத் தொடங்கியது. காரணம் எளியது. புகை மண்டிய தொழில் நகரங்களில் கால் வளைந்த குழந்தைகள் ஏராளம். 1919-ல் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளுக்கு அந்த நோயை உணவின் மூலமே உண்டாக்கி, மீன் எண்ணெயால் தடுத்தும் காட்டியிருந்தார். அதிலிருந்த சத்துக்கு மக்கல்லம் 1922-ல் வைட்டமின் டி என்று பெயரிட்டார்.

நல்ல எண்ணம்தான். ஆனால் நல்ல எண்ணத்துக்கு அளவு தெரிவதில்லை. பால் மாவில் வைட்டமின் டி, குழந்தைகளுக்கான தானிய உணவில் வைட்டமின் டி, அதற்கு மேல் கரண்டி கரண்டியாக மீன் எண்ணெய். 400 அலகுகள் போதும் என்றிருக்க, சில குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 4000 அலகுகள் வரை சேர்ந்திருக்கக்கூடும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். 1950-களின் தொடக்கத்தில், பால் குடிக்க மறுத்து, வாந்தியெடுத்து மெலியும் கைக்குழந்தைகளைப் பற்றி லண்டன் மருத்துவர் லைட்வுட் எழுதினார். அவர்களின் இரத்தத்தில் கால்சியம் மிகுந்திருந்தது. சிலரிடம் மூளை வளர்ச்சிக் குறையும் காணப்பட்டது. 1957-ல் அரசு அளவைக் குறைத்தது. நோயுற்ற குழந்தைகளின் எண்ணிக்கையும் இறங்கியது.

கதை அங்கே முடிந்திருக்கலாம். 1961-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஜே.சி.பி. வில்லியம்ஸ் என்ற இளம் மருத்துவர் நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதினார். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி குறுகியிருந்தது. முகச் சாயல் ஒன்றுபோல் இருந்தது. அறிவு வளர்ச்சி பின்தங்கியிருந்தது. (இந்த வில்லியம்ஸ் நாவலாசிரியை ஜேனட் ஃபிரேமின் நண்பர். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை வேலைக்கு அழைத்தும் போய்ச் சேராமல், பிறகு காணாமலே போய்விட்டார். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.) இத்தகைய குழந்தைகள் சிலரிடமும் கால்சியம் மிகுந்திருந்ததால், சந்தேகம் கருப்பைக்குள் நுழைந்தது. கருவுற்றிருந்தபோது தாய் உட்கொண்ட வைட்டமின் டி-தான் காரணமோ? 1966-ல் ஃபிரீட்மனும் ராபர்ட்ஸும் சினை முயல்களுக்குப் பெரிய அளவில் அதைக் கொடுத்தபோது, சில குட்டிகளின் பெருந்தமனியில் பழுது தெரிந்தது. அதன் பின் சந்தேகம் வலுப்பட்டது.

உண்மை வெளிப்பட 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏழாவது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமற்போவதே வில்லியம்ஸ் நோய்க்கூறின் மூலம் என்று கண்டார்கள். பெருந்தமனிக்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் புரதத்துக்கான மரபணு அத்துண்டில்தான் இருக்கிறது. பெரும்பாலும் இது தற்செயலாக நேர்வது. தாய் தின்றதற்கும் குடித்ததற்கும் இதில் பங்கில்லை. இடைப்பட்ட முப்பத்திரண்டு ஆண்டுகளில் இப்படியொரு குழந்தையைப் பெற்ற பிரிட்டிஷ் தாய், அரசு கொடுத்த எண்ணெயைத் தான் ஒழுங்காகக் குடித்ததை நினைக்காமல் இருந்திருப்பாளா?

கைக்குழந்தைகளின் வழக்கில் மீதமிருந்த முடிச்சு 2011-ல் அவிழ்ந்தது. வைட்டமின் டி-யைச் சிதைக்கும் நொதி பழுதுபட்டுப் பிறக்கும் குழந்தைகள் சிலர் உண்டு. எல்லோருக்கும் கொடுத்த மருந்து இவர்களுக்கு மட்டும் நஞ்சாகியிருந்திருக்கிறது.

இதற்குள் குற்றச்சாட்டு தலைகீழாகத் திரும்பியிருந்தது. மிகுதி போய், குறைவு. 2003-ல் பிரிஸ்பேன் நகரில் அய்ல்ஸும் மக்ராத்தும் வைட்டமின் டி இல்லாமல் வளர்த்த எலிகளின் குட்டிகளை ஆராய்ந்தனர். மூளையின் மேலுறை மெலிந்தும் பக்க அறைகள் விரிந்தும் இருந்தன. 2012-ல் பெர்த் நகர ஆய்வொன்று, 743 பெண்களிடம் கருவுற்ற பதினெட்டாம் வாரத்தில் எடுத்த இரத்தத்தை அவர்களின் பிள்ளைகளது மொழித்திறனுடன் ஒப்பிட்டது. அளவு மிகக் குறைந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு மொழிச் சிக்கல் ஏறக்குறைய இருமடங்கு வாய்ப்புடன் காணப்பட்டது. ஆனால் நடத்தைச் சிக்கல்களோடு எந்தத் தொடர்பும் தெரியவில்லை. வெயில் படாத பெண்ணின் வாழ்க்கையில் வேறு குறைகளும் இருந்திருக்கலாம்; இரத்தத்தில் ஓர் அளவு குறைந்திருந்தது என்பதாலேயே அதைக் காரணமாக்கிவிட முடியாது. முயல்களை நம்பிய காலத்தை அறிந்தவனாகையால், எலிகளின் சாட்சியத்தையும் நான் சற்றுத் தள்ளி நின்றே கேட்கிறேன்.