எஸ்.எம்.பி.எஸ். கட்டுப்பாட்டு ஐ.சி.: தாம்பரம் வட்டாரச் சூழலில்

டி.வி., கணினி, சார்ஜர் ஆகியவற்றின் மின்வழங்கியில் மாஸ்ஃபெட் என்னும் மின்னணுச் சுவிட்சை நொடிக்குப் பல்லாயிரம் முறை இயக்கி அணைத்து, வெளியீட்டு வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் சில்லுதான் எஸ்.எம்.பி.எஸ். கட்டுப்பாட்டு ஐ.சி. 1976இல் சிலிக்கான் ஜெனரல் நிறுவனத்தில் பாப் மம்மானோ வடிவமைத்த எஸ்.ஜி.1524 இவ்வகைக்கு முன்னோடி. பின்னர் யூனிட்ரோட் கொண்டுவந்த எட்டுக்கால் யூ.சி.3842 உலகெங்கும் பரவியது.

தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் அமைந்த மெப்ஸ் ஏற்றுமதி மண்டல வளாகத்தில் மின்னணு ஆலைகள் உண்டு. அங்கே குளிரூட்டிய சோதனைக்கூடத்தில் தேறும் சுற்று, பக்கத்து முடிச்சூரில் ஒரு வீட்டில் தாக்குப்பிடிக்கும் என்று சொல்வதற்கில்லை. கோடையில் 40 டிகிரி, கடலோர ஈரக்காற்று, ஐப்பசி இடி மின்னல் என எல்லாவற்றையும் அது தாங்க வேண்டும்.

யூ.சி.3842 தொடங்கும் விதத்தில்தான் பெரும்பாலான தொல்லை. மின்சாரம் வந்ததும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 7ஆம் காலின் கெப்பாசிட்டர் மெல்ல நிரம்பும். சுமார் 16 வோல்ட்டில் சில்லு இயங்கத் தொடங்கும். 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். அதற்குள் டிரான்ஸ்ஃபார்மரின் துணை வைண்டிங் ஊட்டத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். கெப்பாசிட்டர் உலர்ந்திருந்தால் அதுவரை தாங்காது; மின்வழங்கி 'டிக், டிக்' என்று தொடங்கித் தொடங்கி நிற்கும். ஐ.சி. போய்விட்டது என்று பலர் அதைக் கழற்றுகிறார்கள். மாற்ற வேண்டியது பெரும்பாலும் சில ரூபாய்க் கெப்பாசிட்டரைத்தான். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். எனவே 105 டிகிரிக்குரியதை, ஹீட்சிங்கிலிருந்து தள்ளிப் பொருத்துவதே சரி.

மாஸ்ஃபெட்டின் மின்னோட்டத்தைக் கண்காணிக்கும் 3ஆம் காலில் 1 வோல்ட் எழுந்தால் சில்லு மாஸ்ஃபெட்டை அணைக்கும். மாஸ்ஃபெட் இயங்கத் தொடங்கும் கணத்தில் எழும் துடிப்பு அந்த அளவைப் பொய்யாக எட்டாதிருக்க, சிறு ஆர்.சி. வடிகட்டி சில்லை ஒட்டியே இருக்க வேண்டும்.

230 வோல்ட்டை டி.சி.யாக்கினால் உச்சம் 325. தெருவில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரை வரலாம். அப்போது உச்சம் 566. உள்ளீட்டில் இருக்கும் 400 வோல்ட் கெப்பாசிட்டர் வெடிப்பது அதனால்தான். ஃப்யூஸுக்குப் பின்னால் மிகை வோல்ட்டேஜைத் தடுக்கும் எம்.ஓ.வி. வைத்தால், அது ஷார்ட் ஆகி ஃப்யூஸைப் போக்கி மற்றவற்றைக் காக்கும். செலவைக் குறைக்க முதலில் கைவிடப்படுவதும் இதுவே.

பழுது பார்த்த போர்டுக்கு நேரே மின்சாரம் கொடுக்காமல், 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் வைத்துச் சோதியுங்கள். ஷார்ட் எஞ்சியிருந்தால் பல்பு பிரகாசமாக எரியும்; புதிய மாஸ்ஃபெட் தப்பும்.