தோட்ட வாரியமும் போன்சாய் கிராமமும்

"போன்சாய் வாங்கி ஹாலில் டிவி பக்கத்தில் வச்சேன், இலை எல்லாம் கொட்டிடுச்சு." அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. இதுக்கான பதிலை இன்னைக்கு ரெண்டு ஊர்களோட வரலாற்றில் தேடலாம்.

முதல் ஊர், நம்ம உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கு. ஆண்டு கி.பி. 919, 921. குடவோலை முறைன்னு ஸ்கூல்ல படிச்சது இதைத்தான். 30 குடும்புகளிலிருந்து 30 பேர். அதில் ஆண்டு வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. பதவி 360 நாள். சொந்த மனையில் வீடு, வரி கட்டுற நிலம், வேதப் படிப்பு, வயசு 35 முதல் 70 வரைன்னு தகுதிகள். எல்லாருக்குமான ஜனநாயகம் இல்லை, உண்மைதான். ஆனா தோட்டத்தை அவங்க தனி ஆளோட வேலையா விடலை. ஊர்ப் பொறுப்பா எடுத்துக்கிட்டாங்க.

ரெண்டாவது ஊர் ஜப்பானில். 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோ நாசமானதும், அங்கே போன்சாய் வளர்த்தவங்க நல்ல மண்ணும் தண்ணியும் தேடிக் கிளம்பினாங்க. 1925-ல் ஓமியாவில் ஒரு கிராமமே உருவாச்சு. குடியேற நிபந்தனைகள் போட்டாங்க: குறைஞ்சது 10 போன்சாய் இருக்கணும், யார் வந்தாலும் பார்க்க விடணும், வேலி உயிர்வேலியா இருக்கணும், மாடி வீடு கட்டக் கூடாது.

மாடி ஏன் கூடாது? பக்கத்து வீட்டு மரத்து மேல நிழல் விழுந்தா என்ன ஆகும்னு யோசிங்க. போன்சாய் குட்டியா இருக்கறது கிளையையும் வேரையும் வெட்டுறதால. வெளிச்சத்தைக் குறைச்சு யாரும் அதைக் குட்டியாக்கறதில்லை. நிழலில் வச்சா இலை பெரிசாகும், கணுக்களுக்கு நடுவே இடைவெளி நீளும், மரம் சோனியாகும். பழைய கோயில் கோபுரத்தில் முளைக்கிற ஆலங்கன்றைப் பாருங்க. கோபுரத்துக்கு அது பகைதான். ஆனா வேருக்குக் கைப்பிடி மண்ணு இருந்தாலும் இலைக்கு முழு வெயில் கிடைக்குது.

அதனால ஆல், அரசு போன்சாய்க்கு பால்கனியோ மொட்டை மாடியோதான் சரி. ஹாலிலிருந்து ஒரே நாளில் வெயிலுக்குத் தூக்காதீங்க, இலை கருகும். ரெண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க. இன்னொன்னு: நம்ம ஊர்ப் பக்கம் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சி வெயில் வடக்கிலிருந்து வரும். அப்போ தெற்கு பால்கனிக்கு நேர் வெயில் குறையும். தொட்டியை இடம் மாத்துங்க.

மாத்த இடமே இல்லாம, எதிர் பில்டிங் வெயிலை மறைச்சுடுச்சுன்னா? அது உங்க தொட்டியோட பிரச்சினை மட்டும் இல்லை. அடுத்த அபார்ட்மெண்ட் மீட்டிங்கில் மொட்டை மாடியைச் செடிகளுக்குத் திறந்து விடச் சொல்லிக் கேளுங்க. 12 பேர் சேர்ந்தா அதுவும் ஒரு தோட்ட வாரியம்தான்.