நச்சுக்காற்றை அறியும் நானோ உணரிகள்

கழிவுநீர்த் தொட்டிகளில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவுக்கு அழுகிய முட்டையின் நாற்றம் உண்டு. ஆனால் அதன் அளவு 100 பிபிஎம்மை எட்டினால் மோப்ப உணர்வே மரத்துவிடும். நாற்றமில்லை என நம்பி இறங்குபவர் மயங்கி விழுகிறார்; அவரைக் காக்க இறங்குபவரும் மடிகிறார்.

இவ்வாயுவை அறியும் உணரிகளில் டின் டை ஆக்சைடு நானோ துகள்கள் பயன்படுகின்றன. சூடேற்றிய துகள்களின் பரப்பில் படிந்துள்ள ஆக்சிஜனுடன் வாயு வினைபுரியும்போது மின்தடை குறைகிறது, அம்மாற்றமே எச்சரிக்கையாகிறது. துகள் சிறுக்கச் சிறுக்கப் பரப்பு பெருகி, நுண்ணிய அளவும் புலப்படுகிறது.

எனினும், சாதி தலித்துகள்மீது சுமத்திய இப்பணிக்குக் கருவி அனுமதிச் சீட்டாகிவிடக் கூடாது. பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. உயிரிழப்புக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சென்னைக்கும் அவலூர்பேட்டைக்கும் சட்டம் ஒன்றே. தொட்டிக்குள் இறங்க வேண்டியது இயந்திரமே.