குனூ ஈமாக்ஸ் தனிப்பயனாக்கம்

குனூ ஈமாக்ஸ் தனிப்பயனாக்கம் என்பது குனூ ஈமாக்ஸ் என்னும் உரைத் தொகுப்பியின் நடத்தையை, அதன் பயனரே நிரல் எழுதி மாற்றியமைத்துக் கொள்ளும் முறை ஆகும். ஈமாக்ஸ் ஒரு கட்டற்ற மென்பொருள். இது லினக்ஸ், விண்டோஸ், மாக் ஆகிய இயங்குதளங்களில் இயங்குகிறது. பெரும்பாலான தொகுப்பிகளில் எவற்றை மாற்றலாம் என்பதை ஆக்கியோரே வரையறுத்து விடுகின்றனர். ஈமாக்ஸில் அத்தகைய எல்லை மிகக் குறைவு. அதே வேளை, பயனர் எழுதிய ஓர் அடைப்புக்குறிப் பிழை, அதற்குப் பின்வரும் அமைப்புகள் அனைத்தையும் செயலிழக்கச் செய்யக்கூடும். எனவே ஈமாக்ஸைத் தனிப்பயனாக்குவதும் அதன் வழுக்களைக் களைவதும் சேர்த்தே கற்க வேண்டியவை ஆகும்.

வரலாறு

ஈமாக்ஸ் 1976 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவாண்மை ஆய்வகத்தில் தோன்றியது. அப்போது அது டெக்கோ என்ற தொகுப்பியின் மீது எழுதப்பட்ட குறுநிரல்களின் தொகுப்பாக இருந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல் ஆகியோர் இதன் உருவாக்கத்தில் முதன்மையானவர்கள். 1978 இல் பெர்னார்ட் கிரீன்பெர்க் மல்டிக்ஸ் இயங்குதளத்துக்கான ஈமாக்ஸை லிஸ்ப் மொழியில் எழுதினார். அவரது அலுவலகச் செயலர்கள், நிரலாக்கம் என்ற சொல்லே இடம்பெறாத ஒரு கையேட்டைப் பின்பற்றித் தொகுப்பியை விரிவாக்கக் கற்றுக்கொண்டனர் என்று ஸ்டால்மன் 2002 இல் ஆற்றிய உரையொன்றில் குறிப்பிட்டுள்ளார். ஸ்டால்மன் 1984 இல் எழுதத் தொடங்கிய குனூ ஈமாக்ஸ் 1985 இல் வெளியானது.

அமைப்பு

ஈமாக்ஸின் கரு சி மொழியில் எழுதப்பட்டது. எஞ்சிய பெரும்பகுதி ஈமாக்ஸ் லிஸ்ப் மொழியில் அமைந்தது. ஒவ்வொரு விசை அழுத்தமும் ஒரு லிஸ்ப் செயல்கூற்றை அழைக்கிறது. ஓர் எழுத்தைத் தட்டச்சு செய்வதும் இதற்கு விலக்கல்ல. எந்த விசை எந்தச் செயல்கூற்றை அழைக்கும் என்பதை விசைப்படம் என்னும் அட்டவணை தீர்மானிக்கிறது. வரி அகலம் போன்ற தெரிவுகள் பலவும் மாறிகளில் சேமிக்கப்படுகின்றன. தொகுப்பி இயங்கிக் கொண்டிருக்கும்போதே இவற்றை மாற்ற இயலும்.

மாற்றங்கள் நிலைத்திருக்க, அவை தொடக்கக் கோப்பில் எழுதப்பட வேண்டும். ஈமாக்ஸ் தொடங்கும்போது பயனரின் வீட்டுக் கோப்புறையில் உள்ள இக்கோப்பைத் தேடி, மேலிருந்து கீழாக நிறைவேற்றுகிறது. இது அமைப்புகளின் பட்டியல் மட்டுமன்று. ஒரு முழுமையான நிரல் ஆகும். நிரல் எழுத விரும்பாதோர் பட்டிகள் வழியாகத் திறக்கும் தனிப்பயனாக்கப் பக்கத்தைப் பயன்படுத்தலாம். அப்பக்கம் தன் தெரிவுகளைத் தொடக்கக் கோப்பிலேயே ஒரு தனித் தொகுதியாக எழுதி வைக்கிறது. கோப்பில் இத்தொகுதி ஒன்று மட்டுமே இருத்தல் வேண்டும். அதைக் கையால் திருத்துவது குழப்பங்களுக்கு வழிவகுக்கும்.

உள்ளமைந்த உதவி

ஈமாக்ஸ் தன்னைத் தானே விளக்கும் தொகுப்பி எனப்படுகிறது. கண்ட்ரோல், எச் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்திய பின்,

* கே விசையை அழுத்தினால், அடுத்து அழுத்தும் விசை எந்தச் செயல்கூற்றை அழைக்கிறது என்பதை அறியலாம்.
* எஃப் விசை செயல்கூறுகளையும், வி விசை மாறிகளையும் விளக்கும். மாறியின் தற்போதைய மதிப்பும் காட்டப்படும்.
* எல் விசை இறுதியாக அழுத்தப்பட்ட விசைகளைப் பட்டியலிடும். தவறுதலாக எதை அழுத்தினோம் என்று அறிய இது உதவுகிறது.
* டி விசை புதியோருக்கான பயிற்சிப் பாடத்தைத் திறக்கும்.

வழு கண்டறிதல்

இயங்கிக் கொண்டிருக்கும் கட்டளையை நிறுத்தக் கண்ட்ரோல், ஜி விசைகள் பயன்படுகின்றன. வழு நீடித்தால் பின்வரும் வரிசை பரிந்துரைக்கப்படுகிறது.

முதலாவதாக, பெரிய எழுத்துக் கியூ தெரிவுடன் ஈமாக்ஸைத் தொடங்க வேண்டும். அப்போது தொடக்கக் கோப்பும் நிறுவப்பட்ட பொதிகளும் ஏற்றப்படுவதில்லை. இந்நிலையிலும் வழு தோன்றினால் காரணம் பயனரின் கோப்பில் இல்லை. தோன்றாவிடில் காரணம் அங்கேயோ நிறுவப்பட்ட பொதிகளிலோ இருக்கலாம்.

இரண்டாவதாக, டிபக்-இனிட் தெரிவுடன் தொடங்கினால், தொடக்கக் கோப்பில் பிழை ஏற்பட்ட இடத்தில் ஈமாக்ஸ் நின்று, அதுவரை நிகழ்ந்த அழைப்புகளின் தொடரைக் காட்டும்.

மூன்றாவதாக, பிழைச்செய்தி எதுவும் இன்றி நடத்தை மட்டும் மாறியிருந்தால், கோப்பின் பாதியைக் குறிப்புரையாக்கிச் சோதிக்கலாம். வழு எந்தப் பாதியில் உள்ளதோ அதை மீண்டும் பாதியாக்க வேண்டும். 1000 வரிகள் கொண்ட கோப்பிலும் ஏறத்தாழ 10 சோதனைகளில் குறிப்பிட்ட வரியை அடைந்துவிடலாம்.

அடிக்கடி நேரும் வழுக்கள்

* மாறிக்கு மதிப்பில்லை என்ற செய்தி: பெயரில் எழுத்துப்பிழை, விடுபட்ட மேற்கோள் குறி, அல்லது உரிய பொதி இன்னும் ஏற்றப்படாமை காரணமாகலாம்.
* கோப்பு இடையில் முடிந்தது என்ற செய்தி: ஓர் அடைப்புக்குறி மூடப்படவில்லை. செக்-பேரன்ஸ் என்ற கட்டளை பொருந்தாத அடைப்புக்குறியைக் காட்டும்.
* பயனர் அமைத்த விசை வேலை செய்யாமை: சிறு பாங்குகளின் விசைப்படம் பெரும் பாங்கின் விசைப்படத்துக்கும், அது பொது விசைப்படத்துக்கும் முந்துரிமை பெறும். பொது விசைப்படத்தில் செய்த மாற்றம் இதனால் மறைக்கப்படலாம்.
* திருத்தம் பலிக்காமை: முன்பு தொகுக்கப்பட்ட பழைய பைட் கோப்பு, திருத்திய மூலக் கோப்புக்குப் பதிலாக ஏற்றப்பட்டிருக்கலாம்.

கற்கும் முறை

ஈமாக்ஸ் தொடங்கும்போது கிடைக்கும் ஸ்கிராச் என்னும் வரைவுப் பக்கத்தில் சிறு லிஸ்ப் கோவைகளை எழுதிச் சோதிக்கலாம். கோவையின் இறுதியில் சுட்டியை நிறுத்திக் கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-ஈ ஆகியவற்றை அடுத்தடுத்து அழுத்தினால் அது உடனே நிறைவேற்றப்படும். இவ்வாறு சோதித்த பின்னரே தொடக்கக் கோப்பில் சேர்ப்பது நல்லது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்வதும், கோப்பைக் கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் வைத்திருப்பதும் பழைய நிலைக்குத் திரும்ப உதவும்.

2012 இல் வெளியான 24.1 பதிப்பு முதல் பொதி மேலாளர் உடன் வருகிறது. பொதிகளின் அமைப்புகளைத் தனித்தனித் தொகுதிகளாக எழுத உதவும் யூஸ்-பேக்கேஜ், 2023 இல் வெளியான 29.1 பதிப்பில் இணைக்கப்பட்டது. ஸ்பேஸ்மாக்ஸ், டூம் ஈமாக்ஸ் போன்ற ஆயத்த அமைப்புத் தொகுப்புகளும் உள்ளன. இவை தொடக்கத்தை எளிதாக்கினாலும், பயனர் தான் எழுதாத நிரலில் வழு தேட நேர்கிறது. மேலும், பொதிகளின் நிரல் பயனரின் முழு உரிமைகளுடன் இயங்குவதால் நம்பத்தக்க மூலங்களிலிருந்து மட்டுமே அவற்றை நிறுவ வேண்டும்.

தமிழ் ஆதரவு

ஈமாக்ஸில் இன்ஸ்கிரிப்ட், ஐட்ரான்ஸ் உள்ளிட்ட தமிழ் உள்ளீட்டு முறைகள் உள்ளமைந்துள்ளன. இயங்குதளத்தின் தமிழ் விசைப்பலகையைப் பயன்படுத்தும்போது கட்டளை விசைகள் தமிழ் எழுத்துகளாக உணரப்பட்டுச் செயல்படாமல் போகலாம். இது தொகுப்பியின் வழு அன்று. ஈமாக்ஸின் சொந்த உள்ளீட்டு முறையைத் தெரிவு செய்தால், தமிழில் தட்டச்சு செய்யும்போதும் கட்டளைகள் வழமைபோல் இயங்கும். கண்ட்ரோல் விசையுடன் பின்சாய்கோட்டை அழுத்தி ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். 2020 இல் வெளியான 27.1 பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் நிரலகத்தைக் கொண்டு எழுத்துகளை வடிவமைக்க இயலும். தமிழ் உயிர்மெய் எழுத்துகள் சரியாகத் தோன்ற இது பயன்படுகிறது.