தேதி போட்ட ரசீது: வேலையின்மைப் படியின் சின்ன வரலாறு

நம்மூர்ல 'வேலையில்லாதவங்களுக்கு அரசாங்கம் காசு குடுக்குமா?' என்று கேட்டால், பெரும்பாலும் வேலைவாய்ப்பு அலுவலகத்தைத்தான் சொல்வார்கள். 2006-இல் தமிழக அரசு கொண்டுவந்த உதவித்தொகைத் திட்டம் அது. பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். பத்தாவது தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாவது முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600 என்று பின்னாளில் வைத்தார்கள். இதில் கடைசிப் படியே பத்தாவது தவறியவர்தான். பள்ளிக்கூடம் பக்கமே போகாமல் களையெடுக்கப் போன பெண்ணுக்கு இங்கே இடமே கிடையாது.

அந்தப் பெண்ணுக்கும் ஒரு சட்டம் இருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

குருவிகுளம் வட்டாரத்தை நினைத்துப் பாருங்கள். மானாவாரிக் கரிசல். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி எல்லாம் முடிந்து பங்குனி பிறந்துவிட்டால் காட்டில் வேலை இல்லை. தீப்பெட்டிக்குப் போகிறவர்கள் போவார்கள்; மற்றவர்களுக்கு நூறு நாள் வேலைதான். தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரி 2-ஆம் தேதி நாட்டின் 200 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. குருவிகுளம் அப்போது இருந்த திருநெல்வேலி மாவட்டத்துக்கு இரண்டாம் கட்டமாக 2007-இல் வந்தது. (தென்காசி மாவட்டம் பிறந்தது 2019-இல்.)

சட்டத்தின் 7-ஆம் பிரிவை நான் முதலில் படித்தபோது நம்பவே முடியவில்லை. வேலை கேட்டு விண்ணப்பித்து 15 நாளில் வேலை தரவில்லை என்றால், அன்றிலிருந்து வேலையின்மைப் படி தர வேண்டும். முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதற்குப் பிறகு பாதிக்குக் குறையாமல். 2025-26-இல் தமிழ்நாட்டுக் கூலி 336 ரூபாய். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 84 ரூபாய், முப்பது நாளைக்கு 2,520 ரூபாய். பங்குனி, சித்திரையில் அடுப்பு எரிய அது சின்னத் தொகை இல்லை.

இந்த யோசனை தில்லியில் பிறந்ததில்லை. 1972-73 பஞ்சத்தின்போது மகாராஷ்டிரத்தில் வேலை உறுதித் திட்டம் விரிந்தது. வி. எஸ். பாகே அதன் மூளை. அது 1977-இல் சட்டமாகி, 1979 குடியரசு நாளில் நடைமுறைக்கு வந்தது. வேலை தர முடியாவிட்டால் நாளுக்கு ஒரு ரூபாயாவது தர வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த ஒரு ரூபாயில் யாரும் வயிறு நிரப்ப முடியாது; 'வேலை தராதது அரசின் தவறு' என்று ஒப்புக்கொள்ள வைக்கும் ரூபாய் அது.

2005 சட்டம் இதை இன்னும் கூர்மையாக்கியது. கூலியை மத்திய அரசு தரும்; வேலையின்மைப் படியை மட்டும் மாநில அரசு தன் பையிலிருந்து தர வேண்டும். வேலை கொடுத்தால் தில்லிப் பணம், கொடுக்காவிட்டால் சொந்தப் பணம். அப்படியிருந்தால் எந்த மாநிலமும் ஓடி ஓடி வேலை கொடுக்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

நடந்தது வேறு. படி கொடுக்காமல் தப்பிக்க வேலை கொடுப்பது ஒரு வழி. யாரும் வேலையே கேட்கவில்லை என்று ஆக்கிவிடுவது அதைவிட லேசான வழி! 15 நாள் எந்த நாளிலிருந்து எண்ணுவது? விண்ணப்பம் வாங்கிய தேதியிலிருந்து. அந்தத் தேதிக்குச் சாட்சி? தேதி போட்ட ரசீது. அது இல்லையென்றால் விண்ணப்பமே இல்லை, தாமதமும் இல்லை, படியும் இல்லை.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல ஊர்களில் யாரும் எழுதிக் கேட்பதே கிடையாது. 'வேலை வந்தா கூப்பிடுவாக' என்று காத்திருப்பதுதான் வழக்கம். கேட்டுப் பெறும் உரிமை, கூப்பிட்டால் போகும் சலுகையாகிவிட்டது.

இங்கிலாந்தின் வரலாறும் இங்கே உதவும். 1911-இல் அங்கே வேலையின்மைக் காப்பீடு வந்தது. மறுக்கப்பட்டவர் நடுவர் மன்றத்துக்கும், அதற்கு மேல் 'அம்பயர்' என்ற அதிகாரிக்கும் முறையிடலாம். ஆனால் 1920-களில் 'உண்மையாகவே வேலை தேடினேன்' என்று தொழிலாளியே நிரூபிக்க வேண்டும் என்று வைத்தார்கள். வேலையே இல்லாத ஊரில், எந்தெந்த வாசலில் ஏறி இறங்கினேன் என்று ஒருவர் ஒப்பிக்க வேண்டியிருந்தது. பெரிய எதிர்ப்புக்குப் பிறகு 1930-இல் அது நீங்கியது. மேல்முறையீட்டு மன்றம் இருந்தால் மட்டும் போதாது. நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பதே விஷயம்.

நம் நாட்டிலும் வென்றவர்கள் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் பர்வானி மாவட்டத்தில், திட்டம் தொடங்கிய முதல் ஆண்டுகளிலேயே, பழங்குடி மக்கள் சங்கமாகச் சேர்ந்து எழுத்தில் வேலை கேட்டார்கள். 1,500-க்கும் மேற்பட்டவர்கள் படி வாங்கினார்கள். ஜார்க்கண்டின் லாத்தேஹாரிலும் வாங்கினார்கள். தனி ஆளாகப் போனால் 'நாளைக்கு வா' என்பார்கள். நூறு பேர் ஒன்றாகப் போய் ரசீது கேட்டால் மறுப்பது கஷ்டம்.

முறையீட்டுக்கும் அந்தச் சட்டம் வழி வைத்திருந்தது. ஊராட்சி, பிறகு வட்டார அளவில் திட்ட அலுவலர். தமிழ்நாட்டில் அது பி.டி.ஓ. புகாரை ஏழு நாளில் முடிக்க வேண்டும். அதற்கு மேல் ஆட்சியர். மாவட்டக் குறைதீர்ப்பாளரிடமும் போகலாம். கடமை தவறினால் 1,000 ரூபாய் வரை அபராதம். எதிர்ப்பக்க விதியும் உண்டு: வேலைக்கு அழைத்து 15 நாளில் போகாவிட்டால் மூன்று மாதத்துக்குப் படி கேட்க முடியாது.

2025 டிசம்பரில் இந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் நிறைவேறியது. 100 நாள் 125 ஆனது. பெரும்பாலான மாநிலங்களின் பங்கு 40 சதவீதம் ஆனது. வேலையின்மைப் படி அதிலும் மாநிலத்தின் தலையில்தான். ஆக, பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. கூலிக்கே காசு தேட வேண்டிய மாநிலம், படி கேட்பவருக்கு வழிகாட்டுமா, ரசீதை மறைக்குமா?

என் முடிவு எளிது. எந்தப் பெயரில் சட்டம் வந்தாலும் வாயால் வேலை கேட்காதீர்கள். இரண்டு பிரதி எழுதுங்கள், பத்துப் பேராகப் போங்கள், தேதியும் முத்திரையும் வாங்காமல் திரும்பாதீர்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் நிலையம் தரும் ரசீதிலும் தேதி இருக்கும்.