சுவரின் நோயும் சுண்ணாம்பின் கதையும்

லேவியர் நூலின் 14-ஆம் அதிகாரம் நம் செவிக்கு அதிகம் எட்டாத பகுதி. வீட்டுச் சுவருக்கு வரும் நோயைப் பற்றி அது பேசுகிறது. சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறைக்குழிகள் தோன்றினால் வீட்டுக்காரர் குருவிடம் அறிவிக்க வேண்டும். குரு வந்து பார்த்து வீட்டை ஏழு நாள் அடைத்து வைப்பார். கறை பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்தெறிந்து, உட்சுவரைச் சுரண்டி, சுரண்டிய காரையை ஊருக்கு வெளியே கொட்டி, வேறு கல் வைத்து வேறு சாந்து பூசவேண்டும். குருமடத்தில் இப்பகுதியை விரைவாகக் கடந்து போவதுண்டு. ஆனால் முத்துக்குளித்துறையில் வீடு மந்திரிக்கச் செல்லும்போது இதனை நாம் மறக்க முடிவதில்லை.

காரணம், பழைய வீடுகளின் சுவர்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று முழ உயரத்திற்குப் பெயிண்ட் கொப்புளமாக எழும்பி நிற்கிறது. தொட்டால் தோல்போல் உரிகிறது. அடியில் உப்பு வெண்மாவாய்க் கொட்டுகிறது. "கடற்காற்று, சாமி" என்பர் வீட்டார். கடற்காற்று இன்று நேற்றா வீசுகிறது?

இச்சுவர்களை எழுப்பிய நம் முன்னோர் செங்கல்லையும், கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லையும் சுண்ணாம்பால் பிணைத்தனர். சிப்பியையும் கிளிஞ்சலையும் முருகைக்கல்லையும் காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால், நூறு கிலோவில் 44 கிலோ கரியமில வாயுவாய்ப் பிரிந்துபோகும். எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் நீர் விட்டுத் தாளித்துச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை அது மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகிவிடும். சிப்பியாய் இருந்தது சுவரிலும் சிப்பியாகவே முடிகிறது. முத்தும் பெரும்பாலும் இதே பொருள்தான். 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்திறங்கிய நாள்களிலும், 1961-இல் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தபோதும், முத்துக்காக அள்ளிய சிப்பி மலைமலையாய்க் கரையில் குவிந்தது.

சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடும் பூச்சு. நிலத்தடி ஈரம் சுவரில் ஏறும். ஏறியது பூச்சின் நுண்துளைகள் வழியே வெளியேறும். உப்பும் அதனோடு மேலே வரும். அதை ஆண்டுதோறும் துடைத்துவிட்டு, நீலம் சிறிது கலந்து மீண்டும் வெள்ளையடிப்பர். திருவிழாவுக்கு முன், கிறிஸ்து பிறப்புக்கு முன் என்று அதற்கெனக் காலமும் இருந்தது. (மத்தேயு 23-இல் ஆண்டவர் வெள்ளையடித்த கல்லறைகளைச் சுட்டிப் பேசியதால் வெள்ளையடிப்பே பொய்வேடம் என எண்ணுவாருளர். அவர் கடிந்தது வெளிவேடக்காரரை, சுண்ணாம்பை அன்று.)

பின்னர் டிஸ்டெம்பர் வந்தது, ஸ்னோசெம் என்றே மக்கள் பெயரிட்டுவிட்ட சிமெண்ட் பெயிண்ட் வந்தது, அதன்பின் எமல்ஷன். தண்ணீரில் கலக்கும் பெயிண்ட் ஆயிற்றே, இதுவும் சுண்ணாம்பு போன்றதுதான் என்று பலர் நம்பினர். தண்ணீர் உலர்ந்தபின் சுவரில் தங்குவதோ மெல்லிய பிளாஸ்டிக் படலம். சிமெண்ட் பூசிய புதுவீட்டில் அது குற்றமன்று. சுண்ணாம்புச் சுவரில் அதைப் பூசுவது ஈரத்தை உள்ளே வைத்துத் தைப்பது போன்றது. வெளிவரும் வழி அடைபட்ட ஈரம் உப்பைப் படலத்தின் பின்னே படிகமாக்குகிறது. படிகம் பருத்துக் காரையை உடைக்கிறது. உரிந்த இடத்தில் சிமெண்ட் பூசி, அதன்மேல் இன்னும் விலையுயர்ந்த பெயிண்ட் அடிக்கின்றனர். ஈரமோ அந்த சிமெண்டுக்கு மேலே ஓரடி ஏறி நிற்கிறது.

இது நம் கரைக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ரான்சோஸ் தெ தாவோஸ் என்னும் சிற்றூரில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பச்சைமண் கட்டியால் எழுப்பிய அசிசி புனித பிரான்சிஸ் ஆலயம் உண்டு. ஆண்டுதோறும் மண் பூசும் சிரமத்தைத் தவிர்க்க 1967-இல் அதற்கு சிமெண்ட் பூசினர். ஈரம் உள்ளே அடைபட்டு மண்சுவர் கரையத் தொடங்கிற்று. 1979-இல் பங்கு மக்கள் அந்த சிமெண்டைப் பெயர்த்தெடுத்துவிட்டு மீண்டும் மண் பூசினர். இன்றுவரை ஆண்டுதோறும் அவர்களே கூடிப் பூசுகின்றனர். தவிர்க்க நினைத்த சிரமமே சுவரைக் காத்திருந்தது என்பது அவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் புரிந்தது.

அப்படியானால் பழைய சுண்ணாம்புக்கே திரும்பலாமா? இவ்விடத்தில் நம் கரையின் வரலாறு எளிதான விடை தரவில்லை. கோவில்களையும் வீடுகளையும் வெளுக்கச் செய்த அந்தக் கல் கடலின் உடலிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது. வீட்டுத் தேவையோடு நின்றிருந்தால் கடல் தாங்கியிருக்கும். 20-ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்புக்கும் கால்சியம் கார்பைடுக்கும் சிமெண்டுக்குமாகப் பவளப்பார்களைப் படகு படகாய் வெட்டினர். கூலிக்கு வெட்டியவர்கள் ஏழைகள். ஆதாயம் வேறிடம் போயிற்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும், நம் தூத்துக்குடிக்கு அருகே விலாங்குசல்லியும் கடலுள் மூழ்கின. 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அலையரிப்பால் சுருங்கிய வான் தீவைச் சுற்றிக் கான்கிரீட்டால் செயற்கைப் பார்கள் இறக்கியிருக்கின்றனர். எடுத்த கல்லுக்கு ஈடாக நாம் கடலுக்குக் கொடுத்திருப்பது இது.

ஆதலின் முருகைக்கல்லைத் தேடிப் போகத் தேவையில்லை, போகவும் கூடாது. நிலத்தில் தோண்டும் சுண்ணாம்புக்கல் உண்டு. கடைகளில் கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைக்கிறது. சுவருக்கு இவை போதும். ஆனால் லேவியர் சொல்லும் முறைப்படி முதலில் சுரண்டியாக வேண்டும். பிளாஸ்டிக் படலத்தின் மேல் சுண்ணாம்பு ஒட்டாது. சிமெண்ட் ஒட்டுகளையும் பெயர்க்க வேண்டும். பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்வாகவே தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளிவிட வேண்டும். கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். பின்னர் ஏழு நாள் போதாது, ஒரு கோடை முழுதும் சுவரை வெறுமனே உலர விடுவது நலம். விருந்தினர் முன் அது அழகாயிராதுதான். அதன்பின் பால்போல் நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பை, சுவரைச் சற்றே நனைத்துக்கொண்டு, மூன்று முறை மெல்லியதாய் அடிக்கலாம். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே ஒரு நாளாவது செல்லட்டும். அடுத்த ஆண்டு திருவிழாக் கொடியேற்றத்திற்கு முன் மீண்டும் ஒருமுறை.